ஜல்லிக்கட்டு ஆய்வுக் கட்டுரையும் ஜோட்டெரோவும்: ஒரு மென்பொருள் மதிப்பீடு

ஜோட்டெரோ ஓர் இலவச மென்பொருள். ஆய்வுக் கட்டுரைக்கு வேண்டிய மேற்கோள் விவரங்களைச் சேகரித்து வைத்து, கட்டுரை எந்த ஆய்விதழுக்குப் போகிறதோ அந்த இதழ் கேட்கும் வடிவத்தில் துணைநூல் பட்டியலை அது அமைத்துத் தரும். அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாறு, புதிய ஊடக மையத்தில் 2006இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் துணைநிரலாகத் தொடங்கியது. பிறகு தனி மென்பொருளாக வளர்ந்தது. 2022இல் வந்த 6ஆம் பதிப்பில் பிடிஎஃப் படிக்கும் வசதி உள்ளேயே சேர்ந்தது. 2024 ஆகஸ்டில் வந்த 7ஆம் பதிப்பு தோற்றத்தை முழுதாக மாற்றியது. இப்போது லாப நோக்கில்லாத ஓர் அமைப்பு இதை நடத்துகிறது. மூலநிரல் திறந்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

இங்கே அது அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக் காளைகளைப் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரைப் படியைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது. இந்தத் தலைப்பின் சிறப்பு அதன் சான்றுகளின் கலவை. புலிக்குளம் மாட்டினத்தைப் பற்றி எழுத கால்நடை அறிவியல் இதழ்கள் வேண்டும். விளையாட்டின் சட்ட நிலைக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டமும் அதன் தமிழ்நாட்டுத் திருத்தமும் வேண்டும். பழமைக்குக் கலித்தொகையின் முல்லைக்கலி. வட்டார வரலாற்றுக்கு 1868இல் வந்த நெல்சனின் மதுரை மேனுவலும் 1906இல் வந்த பிரான்சிஸின் கெசட்டியரும். இவற்றோடு தமிழ் நாளிதழ்ச் செய்திகள், பல்கலைக்கழக ஆய்வேடுகள், மாடு வளர்ப்போரிடம் எடுத்த நேர்காணல்கள். ஆங்கில இதழ்க் கட்டுரைகளை மட்டும் கொண்ட பட்டியலை எந்த மேற்கோள் மென்பொருளும் சமாளித்துவிடும். மதுரை வட்டாரத்து ஆய்வாளரின் பட்டியல் அப்படி இருப்பதில்லை என்பதால் சோதனையும் இப்படித்தான் அமைய வேண்டும்.

விவரங்களை உள்ளே கொண்டுவர மூன்று வழிகள் உண்டு. கட்டுரைக்குரிய டிஓஐ என்ற அடையாள எண்ணையோ நூலுக்குரிய ஐஎஸ்பிஎன் எண்ணையோ தட்டச்சு செய்தால் தலைப்பு, ஆசிரியர், இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் தாமாக வந்து நிரம்பும். உலாவியில் கட்டுரையின் பக்கம் திறந்திருந்தால் ஒரு பொத்தானை அழுத்திச் சேர்க்கலாம். கையில் இருக்கும் பிடிஎஃப் ஃபைலை இழுத்துப் போட்டால் அதன் முதல் பக்கங்களின் எழுத்துகளைப் படித்து எந்தக் கட்டுரை என்று கண்டுபிடிக்க முயலும். சமீபத்திய கால்நடை அறிவியல் கட்டுரைகளுக்கு மூன்றுமே நன்றாக வேலை செய்கின்றன. பழைய இந்திய இதழ்களின் ஸ்கேன் படிகளில் பிடிஎஃப் வழி பயன்படாது. பக்கம் வெறும் படமாக இருக்கிறது, படிக்க எழுத்து இல்லை. அங்கே கையால் உள்ளிடுவது தவிர வேறு வழி கிடையாது.

டிஓஐ வழி ஓர் உடனடி நன்மை தருகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எழுதிக் கொடுக்கும் பட்டியல்களில் இல்லாத கட்டுரைகள் இருப்பதாகத் தோன்றும்படி கலந்துவிடுகின்றன. அப்படி வந்த டிஓஐ எண்ணை உள்ளிட்டால் ஒன்று எதுவுமே வராது, அல்லது சம்பந்தமே இல்லாத வேறொரு கட்டுரை வந்து நிற்கும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளையும் 2019 முதல் ஜோட்டெரோ அடையாளம் கண்டு சிவப்பில் எச்சரிக்கிறது. ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டும் முன்பே அது செல்லாது என்று தெரிந்துகொள்வது ஆய்வாளரின் நற்பெயரைக் காக்கும் வசதி. இதற்காக மட்டுமே இந்த மென்பொருளை நிறுவலாம்.

தாமாக வரும் விவரங்களை அப்படியே நம்பக் கூடாது. பதிப்பகம் எந்த வடிவில் பதிந்ததோ அதுவே வந்து சேரும். சில சமயம் தலைப்பு முழுதும் ஆங்கிலப் பேரெழுத்தில் வரும். உயிரினப் பெயரின் சாய்வெழுத்து தொலைந்துபோகும். ஜோட்டெரோவில் தலைப்புகளை வாக்கிய வடிவில், அதாவது முதல் சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் பேரெழுத்து வைத்துச் சேமிப்பது நல்லது. ஓர் இதழ் முக்கியச் சொற்களுக்கெல்லாம் பேரெழுத்து கேட்டால் மென்பொருள் தானே மாற்றிக்கொள்ளும். எதிர்த்திசையில் அது சரியாக நடக்காது. வாக்கிய வடிவுக்கு மாற்றும் கட்டளை உண்டு, ஆனால் அதைக் கொடுத்த பிறகு புலிக்குளம், காங்கேயம், மதுரை போன்ற பெயர்களின் முதலெழுத்து சிறியதாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். போஸ் இண்டிகஸ் போன்ற அறிவியல் பெயர்களைச் சாய்வாக்க, தலைப்புக் கட்டத்திலேயே இணையப் பக்கங்களில் பயன்படும் சாய்வுக் குறியை முன்னும் பின்னும் இட வேண்டும். கொஞ்சம் அலுப்பான வேலைதான். ஒருமுறை செய்தால் எல்லா இதழுக்கும் போதும்.

உண்மையான சிக்கல் பெயர்களில் தொடங்குகிறது. ஜோட்டெரோவில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் இரண்டு கட்டங்கள்: குடும்பப் பெயர், சொந்தப் பெயர். பெரும்பாலான தமிழ்ப் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லை. தகப்பனார் பெயரோ ஊர்ப் பெயரோ இனிஷியலாக முன்னால் நிற்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் பெயரில் எம் என்பது மான்கொம்பு என்ற பூர்வீக ஊர், எஸ் என்பது தந்தை சாம்பசிவன். அவருடைய கட்டுரைகள் சுவாமிநாதன், எம். எஸ். என்று பட்டியலில் வருகின்றன. அவருடைய சொந்தப் பெயரே குடும்பப் பெயர்க் கட்டத்தில் நிற்கிறது. சிதம்பரத்தில் 1952இல் பிறந்து 2009இல் வேதியியல் நோபல் பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் கட்டுரைகள் ராமகிருஷ்ணன், வி. என்று வருகின்றன; அங்கே தலைச்சொல்லாக நிற்பது அவர் தந்தையின் பெயர். இரண்டும் சரிதான். அந்தந்த ஆசிரியர் தம் பெயரை எப்படி அச்சிட்டுக்கொண்டாரோ அப்படி எடுப்பதே முறை. எது எந்தப் பகுதி என்பதை மென்பொருள் ஊகிக்க முடியாது. இந்தியப் பெயர்களில் எந்தப் பகுதியைத் தலைச்சொல்லாக்குவது என்று சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் தம் அட்டவணை விதிகளில் முறை வகுத்தார். அந்தத் தெளிவு இன்றைய ஆய்விதழ்களின் இணையப் படிவங்களுக்கு வந்து சேரவில்லை. கடைசிப் பெயர் என்று கேட்கும் கட்டத்தில் பலர் இனிஷியலைப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பதிவு அப்படியே உலகம் சுற்றுகிறது.

விளைவு பட்டியலில் தெரியும். முருகன் எஸ். என்று பதிவான ஒரு பெயரை டிஓஐ வழியாக எடுத்தால், கட்டுரைக்குள் (எஸ்., 2019) என்று வரும், பட்டியலில் ஓர் ஒற்றை எழுத்தின் கீழ் போய் உட்காரும். அதே ஆசிரியரின் வேறொரு கட்டுரை முருகன், எஸ். என்று ஒழுங்காக வந்திருந்தால், மென்பொருளின் கணக்கில் அவர் இரண்டு ஆள். இன்னொரு வகையும் உண்டு. ஒரு பதிவில் ஓர் இனிஷியலும் மற்றொன்றில் இரண்டு இனிஷியலும் இருந்தால், ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த மேற்கோள் முறை) போன்ற நடைகளில் ஒரே பெயருடைய இருவர் என்று கருதி, கட்டுரைக்குள்ளும் இனிஷியலைச் சேர்த்து அச்சிடும். காரணமில்லாமல் சில மேற்கோள்களில் மட்டும் இனிஷியல் முளைத்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். திருத்தம் எளிது: நூலகத்தில் அந்த ஆசிரியரின் எல்லாப் பதிவுகளையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தால் போதும். மேற்கோளை இடும் முன், பதிவுகளை ஆசிரியர் வரிசையில் அடுக்கி ஒருமுறை பார்வையிடுவது தமிழ்நாட்டு ஆய்வாளருக்குக் கட்டாயமான பழக்கம்.

அமைப்புகளின் பெயரில் இந்தத் தவறு இன்னும் கண்ணை உறுத்தும். இந்திய விலங்குகள் நல வாரியம் என்பதை இரு கட்டங்களில் உள்ளிட்டால், பட்டியலில் கடைசிச் சொல் தலைச்சொல்லாகி, மற்றவை இனிஷியலாகச் சுருங்கிவிடும். ஆங்கிலத்தில் இந்தியா என்பதே ஆசிரியரின் குடும்பப் பெயராக நிற்கும். தமிழ்நாடு அரசு என்பது அரசு, த. என்று ஆகிவிடும். பெயர்க் கட்டத்துக்கு அருகே இருக்கும் சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக மாற்றிவிட்டால் பெயர் முழுதாக வரும். பட்டியலில் உள்ள ஒவ்வோர் அரசு அறிக்கைக்கும் இதைச் செய்ய வேண்டும்.

சட்டச் சான்றுகளில்தான் ஜோட்டெரோவின் பிறந்த ஊர் தெரிகிறது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்த தீர்ப்பு, இந்திய விலங்குகள் நல வாரியம் எதிர் ஏ. நாகராஜா. இந்திய முறையில் அதைக் குறிப்பது (2014) 7 எஸ்சிசி 547 என்று: ஆண்டு, தொகுதி, தீர்ப்புத் திரட்டு, பக்கம். வழக்கு என்ற வகையில் பதிந்து ஏபிஏ நடையில் எடுத்தால் வருவது 7 எஸ்சிசி 547, அதன்பின் அடைப்புக்குள் நீதிமன்றமும் ஆண்டும். அமெரிக்கச் சட்ட மேற்கோள் முறையை ஏபிஏ பின்பற்றுவதால் இப்படி. எஸ்சிசி திரட்டில் ஆண்டுதோறும் தொகுதி எண் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஆண்டு முன்னால் இல்லாவிட்டால் எந்த 7ஆம் தொகுதி என்று வாசகர் தடுமாறுவார். கால்நடை அறிவியல் இதழ்கள் இதைப் பொறுத்துக்கொள்ளும். சட்ட இதழுக்கு அனுப்பினால் கையால் திருத்த வேண்டும்.

இதே தலைப்பில் இன்னொரு கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் செல்லும் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 மே 18 அன்று வழங்கிய தீர்ப்பிலும் முதல் தரப்பு அதே விலங்குகள் நல வாரியம். எதிர்த்தரப்பு இந்திய ஒன்றியம். வழக்கின் பெயர் கட்டுரைக்குள் சுருங்கி வரும் நடைகளில் தடுத்த தீர்ப்பும் அனுமதித்த தீர்ப்பும் ஒன்றுபோலத் தோன்றிவிடும். குறுந்தலைப்புக் கட்டத்தில் முதல் தீர்ப்புக்கு நாகராஜா வழக்கு என்றும், இரண்டாவதற்கு அரசமைப்பு அமர்வுத் தீர்ப்பு என்றும் எழுதி வைத்துவிட்டால் குழப்பம் தவிரும். குறுந்தலைப்பை எல்லா நடைகளும் பயன்படுத்துவதில்லை என்பதால் அச்சில் எப்படி வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ற வகையின் கட்டங்களும் அமெரிக்கச் சட்ட அமைப்பைப் பார்த்து வரையப்பட்டவை. எந்த மாநிலத்தின் சட்டம் என்று குறிக்கத் தனிக் கட்டம் இல்லை. நல்ல வேளையாக, 2017இன் சட்டத்தின் பெயருக்குள்ளேயே தமிழ்நாடு திருத்தம் என்ற சொற்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கின்றன. முழுப் பெயரையும் பெயர்க் கட்டத்தில் எழுதுவதே தீர்வு. ஜல்லிக்கட்டுக்கு ஆதரவான போராட்டத்தின் நடுவே 2017 ஜனவரி 21 அன்று வந்த அவசரச் சட்டத்துக்குத் தனி வகையே இல்லாததால் அதையும் சட்டம் என்றுதான் பதிய வேண்டியிருக்கிறது. ஜோட்டெரோவிலிருந்து சட்டத்துறையினருக்காகப் பிரித்து உருவாக்கப்பட்ட ஜூரிசம் என்ற மென்பொருள் உண்டு. பல நாட்டுச் சட்டங்களையும் பல மொழித் தலைப்புகளையும் அது நுணுக்கமாகக் கையாளும். சட்டமே முதன்மையான ஆய்வு என்றால் அதைப் பார்க்கலாம். கால்நடை ஆய்வுக்குத் தேவையில்லை.

ஏறுதழுவுதலைச் சொல்லும் முல்லைக்கலிப் பாடல்களை மேற்கோள் காட்டும்போது வேறுவகைக் கேள்வி எழுகிறது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் நச்சினார்க்கினியர் உரையுடன் கலித்தொகையை முதன்முதலாக அச்சிட்டார். நூல் என்ற வகையில் ஜோட்டெரோ தரும் பொறுப்புகள் நூலாசிரியர், பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர், வரிசைப் பதிப்பாசிரியர், பங்களிப்பாளர் என்று முடிகின்றன. உரையாசிரியர் என்ற பொறுப்பு இல்லை. பங்களிப்பாளர் என்று நச்சினார்க்கினியரைப் பதிந்தால் பெரும்பாலான நடைகள் அந்தப் பெயரை அச்சிடுவதே இல்லை. தமிழ் இலக்கிய மரபில் உரையாசிரியரின் பெயர் நூலின் அடையாளத்தோடு சேர்ந்தது. இதை ஒரு குறை என்றே சொல்ல வேண்டும். தலைப்பிலேயே, நச்சினார்க்கினியர் உரையுடன், என்று சேர்த்து எழுதினால் வாசகருக்குத் தகவல் போய்ச் சேரும். நூலாசிரியர் கட்டத்தைக் காலியாக விட்டுப் பதிப்பாசிரியராகத் தாமோதரம்பிள்ளையைப் பதிந்தால், பல நடைகள் அவர் பெயரைத் தலையில் வைக்கும். வாசகர் தேடிப் பிடிக்க வேண்டியது அந்தப் பதிப்பைத்தான் என்பதால் அது பொருத்தமே. பாடல் எண்ணைக் கொடுக்க, மேற்கோள் இடும் பெட்டியில் பக்கம் என்பதைச் செய்யுள் என்று மாற்றிக்கொள்ளலாம். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், பாடல் எண் அநேகமாக மாறாது.

நெல்சன், பிரான்சிஸ் நூல்களில் மறுபதிப்பைத்தான் பலரும் கையில் வைத்திருக்கிறார்கள். ஆண்டுக் கட்டத்தில் மறுபதிப்பின் ஆண்டை எழுதி, கூடுதல் குறிப்புக் கட்டத்தில் மூல வெளியீட்டு ஆண்டு என்ற ஆங்கிலக் குறிச்சொல்லையும் 1868 என்ற எண்ணையும் சேர்த்தால், ஏபிஏ நடை இரண்டையும் சாய்கோடிட்டுக் காட்டும். இல்லையென்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணம் ஒன்று இருபதாம் நூற்றாண்டில் எழுதியதுபோலக் கட்டுரையில் நிற்கும்.

தமிழெழுத்தில் உள்ள நூல்களும் நாளிதழ்ச் செய்திகளும் ஜோட்டெரோவில் தடையின்றி ஏறுகின்றன, தேடலிலும் கிடைக்கின்றன. வரிசைப்படுத்தும்போது ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் முடிந்த பிறகு தமிழ்ப் பெயர்கள் அகர வரிசையில் வருகின்றன. ஆசிரியர்கள் பலர் உள்ள தமிழ்க் கட்டுரையில், தமிழ்ப் பெயருக்குப் பின்னால் எட் ஆல். என்ற இலத்தீன் சுருக்கம் ஆங்கில எழுத்திலேயே ஒட்டிக்கொள்கிறது; ஒரே ஆவணத்தில் இரு மொழிக்கு இரு சொல் என்று மென்பொருள் பிரிப்பதில்லை. வெளிநாட்டு இதழ்கள் பல, தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் பெயர்த்து எழுதி, ஆங்கிலப் பொருளையும் பக்கத்தில் கேட்கின்றன. இரண்டுக்கும் தனிக் கட்டம் இல்லாததால் தலைப்புக் கட்டத்திலேயே எழுத வேண்டும். அப்போது மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்பதன் குறியீட்டை மறக்காமல் இட வேண்டும். அதை இட்டால்தான் ரோமன் எழுத்தில் உள்ள தமிழ்ச் சொற்களுக்கு மென்பொருள் ஆங்கில விதிப்படி பேரெழுத்து போடாமல் விடும். நாளிதழ்களின் இணையப் பக்கத்திலிருந்து ஒரே அழுத்தலில் சேர்த்த செய்திகளில் தேதியும் செய்தியாளர் பெயரும் அடிக்கடி விடுபடுகின்றன. வகையும் இணையப் பக்கம் என்று விழுகிறது. நாளிதழ்க் கட்டுரை என்று மாற்ற வேண்டும்.

அலங்காநல்லூர், பாலமேடு பகுதியில் மாடு வளர்ப்போரிடம் எடுத்த நேர்காணலைப் பதிய நேர்காணல் என்ற வகை இருக்கிறது. ஆனால் ஏபிஏ முறையில், வெளியாகாத நேர்காணல் பட்டியலில் இடம்பெறாது. கட்டுரைக்குள் மட்டும் தேதியுடன் குறிக்கப்படும். ஜோட்டெரோ இதைத் தடுக்காமல் பட்டியலிலும் சேர்த்துவிடும். பெயரை வெளியிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய தகவலாக இருந்தால் இது வெறும் வடிவப் பிழையோடு நிற்காது.

இவ்வளவு உழைப்புக்கும் பலன் கிடைப்பது நடையை மாற்றும் இடத்தில். உலகெங்கும் ஆய்விதழ்கள் பின்பற்றும் நடைகள் பத்தாயிரத்துக்கு மேல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மருத்துவ இதழாசிரியர்கள் 1978இல் வான்கூவரில் கூடி உருவாக்கிய எண் முறையும், ஆசிரியர் பெயர், ஆண்டு முறையும் அவற்றில் அடக்கம். இந்தியன் ஜர்னல் ஆஃப் அனிமல் சயின்சஸ் கட்டுரைக்குள் பெயரும் ஆண்டும் கேட்கிறது. 1932 முதல் வெளிவரும் கரண்ட் சயின்ஸ் மேலெழுத்து எண் கேட்கிறது. பட்டியலில் இதழின் பெயர் சுருங்கி வர வேண்டும், ஆண்டு அதற்குப் பின்னால் வர வேண்டும். ஓர் இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பி, மற்றொன்றுக்கு அனுப்ப வேண்டி வந்தால், வேர்டு ஆவணத்தில் நடையை மாற்றிய உடனே மேற்கோள்கள் எல்லாம் எண்ணாகி, பட்டியலின் வரிசையும் மாறிவிடும். கையால் செய்தால் நாட்கணக்கில் இழுக்கும் வேலை இது. நடுவில் ஒரு பத்தியை இடம் மாற்றினாலும் எண்கள் தாமே திருந்திக்கொள்கின்றன. ஆய்வு மாணவர்கள் இந்த ஒரு வசதியைப் பார்த்ததும் கைப்பட்டியலை விட்டுவிடுவார்கள். வேண்டிய இதழின் நடை கிடைக்காவிட்டால், அதன் அண்மை இதழில் அச்சான பட்டியலோடு ஒத்துப்போகும் வேறு நடையைத் தேர்ந்து, மீதியைக் கடைசியில் திருத்தலாம். வேர்டு மட்டுமல்ல, லிப்ரே ஆபிஸிலும் கூகுள் டாக்ஸிலும் இது வேலை செய்யும்.

இணைய இணைப்பு இல்லாமலும் ஜோட்டெரோ ஓடும். எல்லாம் சொந்தக் கணினியிலேயே இருப்பதால், பொங்கல் நாட்களில் வாடிவாசலைச் சுற்றிக் கூட்டம் திரண்டு செல்பேசி இணைப்பு திணறும்போதும் குறிப்பெடுக்கத் தடையில்லை. இணையச் சேமிப்பு 300 எம்பி வரை இலவசம். 2 ஜிபிக்கு ஆண்டுக்கு 20 டாலர். ஸ்கேன் செய்த கெசட்டியர் ஒன்றிரண்டு சேர்ந்தால் இலவச இடம் நிரம்பிவிடும். அப்போது மேற்கோள் விவரங்களை மட்டும் இணையத்தில் ஒத்திசைத்து, ஃபைல்களைக் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். விவரங்களுக்கு அளவு வரம்பு இல்லை. ஜோட்டெரோவின் தரவுக் கோப்புறையை கூகுள் டிரைவ் போன்றவற்றுக்குள் வைப்பது ஆபத்து, தரவுத்தளம் சிதைந்துவிடக்கூடும். பென்டிரைவில் அவ்வப்போது நகல் எடுப்பது பாதுகாப்பானது. நெறியாளரும் மாணவரும் ஒரே நூலகத்தைப் பகிரக் குழு வசதி உண்டு.

மெண்ட்லியும் எண்ட்நோட்டும் போட்டியாளர்கள். எண்ட்நோட் விலை கொடுத்து வாங்க வேண்டியது. 2008இல் வெளிவந்த மெண்ட்லியை 2013இல் எல்சேவியர் வாங்கியது. அதன் பழைய கணினி மென்பொருளை 2022இல் புதிதாகப் பதிவிறக்க முடியாதபடி நிறுத்தியது. ஆய்வேடு பல ஆண்டு வேலை. அந்தக் காலம் முழுதும் தரவு தன் கையில் இருக்க வேண்டும் என்பவருக்கு ஜோட்டெரோதான் உகந்தது.

அனுப்பும் நாளில் செய்ய வேண்டியது ஒன்று மீதம் இருக்கிறது. ஜோட்டெரோ இட்ட மேற்கோள்கள் வேர்டில் உயிருள்ள புலங்களாக இருக்கின்றன. சில இதழ்களின் இணைய அமைப்பு அவற்றைத் தவறாக மாற்றிவிடும். ஆவணத்தின் நகல் ஒன்றை எடுத்து, அதில் மட்டும் இணைப்பைத் துண்டித்து வெறும் எழுத்தாக்க வேண்டும். மூலப் பிரதியைத் தொடக் கூடாது. திருத்தக் குறிப்புகள் திரும்பி வரும்போது அதில்தான் வேலை செய்ய வேண்டும். நாகராஜா தீர்ப்பின் ஆண்டை முன்னால் கொண்டுவருவது, எட் ஆல். இருக்கும் தமிழ்ப் பெயர்களில் மற்றும் பலர் என்று மாற்றுவது போன்ற கைத்திருத்தங்கள் எல்லாம் இந்த நகலில்தான். அவை முடிந்ததும் ஒவ்வொரு டிஓஐயும் திறக்கிறதா என்று பார்த்து, கட்டுரைக்குள் உள்ள ஒவ்வொரு பெயரையும் பட்டியலோடு ஒப்பிட்டு, இதழின் படிவத்தில் ஏற்றலாம்.